ஐந்து நிமிடத் தாமதம், ஒரு மணி நேரக் காத்திருப்பு

காரை விற்றுவிட்டு முழுக்க ரயிலுக்கே மாறிவிடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நான் பல வருடமாக சீசன் டிக்கெட்டில் போய்வருபவன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். உட்கார இடம் கிடைத்துவிட்டால் அந்த நேரம் முழுக்க நம்முடையது. படிக்கலாம், தூங்கலாம், சும்மா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கலாம். கூட்டமும் சுத்தமின்மையும் எனக்குப் பழகிவிட்டன.

பழகாதது இணைப்பு ரயில்தான். வழியில் நான் வண்டி மாற வேண்டும். முதல் வண்டி ஐந்து நிமிடம் பிந்தினால் போதும், படியேறி அடுத்த பிளாட்பாரத்தில் இறங்குவதற்குள் கதவு மூடிவிடும். பொத்தானை அழுத்தினாலும் திறக்காது. உள்ளே இருப்பவர்கள் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வண்டி நகர்ந்ததும் அறிவிப்புப் பலகையில் அந்த வரி அழிந்து, ஒரு மணி நேரம் கழித்து வரும் வண்டி மேலே ஏறும்.

இதில் எரிச்சலூட்டுவது, எது தாமதம் என்று ரயில் நிறுவனங்கள் போடும் கணக்குதான். ஜெர்மனியின் ரயில் நிறுவனமான டாய்ச்ச பான், ஆறு நிமிடத்துக்குள் பிந்திய ரயிலை நேரத்துக்கு வந்ததாகவே சேர்க்கிறது. ரத்தான ரயில் அந்தக் கணக்கிலேயே வராது. சுவிட்சர்லாந்தில் ரயிலை விட்டுப் பயணிகளை எண்ணுகிறார்கள்: எத்தனை பேர் மூன்று நிமிடத்துக்கு மேல் பிந்தாமல் போய்ச் சேர்ந்தார்கள் என்று. அங்கே 1982 முதல் நாடு முழுக்கச் சீரான இடைவெளியில் ரயில் ஓடுகிறது. 2004 டிசம்பரில் சூரிச்–பெர்ன் பயணத்தை ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்ததற்குக் காரணமே, இரண்டு ஊரிலும் மற்ற வண்டிகளைப் பிடிக்க வசதியாக இருக்க வேண்டும் என்பதுதான். அப்படியும் செய்ய முடிகிறதே!

சாலை நெரிசலில் மாட்டியவர் “இன்னைக்கு ஒரே டிராஃபிக்” என்று விட்டுவிடுவார். இணைப்பை ஒருமுறை தவறவிட்டவர் ரயிலை நம்பவே முடியாது என்று வருடக்கணக்கில் சொல்வார். இது நியாயமில்லை என்று பலரிடம் வாதாடியிருக்கிறேன். ஆனால் காரில் இருப்பவர் வேறு தெருவில் திருப்பிப் பார்க்கலாம். பிளாட்பாரத்தில் நிற்பவரால் ஒன்றும் செய்ய முடியாது, கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இல்லை. அந்தக் கோபம் லேசில் ஆறாது.

நேற்று மாலையும் தவறவிட்டேன், அந்தச் சூட்டோடுதான் சொல்கிறேன். ஒரே வண்டியில் போய்ச் சேரலாம் என்றால் காரை விற்றுவிடுங்கள். மாற வேண்டும் என்றால், அதற்கடுத்த வண்டி எப்போது என்று பாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் என்றால் சரி. ஒரு மணி நேரம் என்றால் கார் இருக்கட்டும்.