நான் ஏழாண்டுகள் படித்த பெண்கள் பள்ளி: ஒரு பழைய மாணவியின் மதிப்பீடு

அக்காள் மகளை ஆறாம் வகுப்பில் எங்கே சேர்ப்பது என்ற பேச்சு இந்த ஆண்டு வீட்டில் எழுந்தபோது, நான் படித்த பள்ளியைப் பற்றி என்னிடம் விசாரித்தார்கள். அது தென்மாவட்ட நகரம் ஒன்றில் உள்ள அரசு உதவிபெறும் பெண்கள் மேல்நிலைப் பள்ளி. 1996 முதல் 2003 வரை, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடிய அங்கே படித்தேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் பள்ளியின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை.

அந்தப் பள்ளியில் ஆண்கள் செய்யும் வேலை என்று எதுவும் இல்லை. வாயிற்காவலரைத் தவிர, செய்வதற்கு ஆண்களே இல்லை என்பதுதான் காரணம். தேர்வு நெருங்கினால் பெஞ்சுகளை மாடிக்குத் தூக்கிச் செல்வது, ஆண்டு விழாவுக்கு ஏணியில் ஏறித் தோரணம் கட்டுவது, கொடிக்கம்பத்தில் சிக்கிய கயிற்றை எடுத்துவிடுவது, அறிவியல் கண்காட்சிக்கு பல்பும் பேட்டரியும் வைத்து ஒயர் இணைப்பது, நாடகத்தில் கண்மையால் மீசை வரைந்துகொண்டு கட்டபொம்மனாக முழங்குவது என எல்லாவற்றையும் நாங்களே செய்தோம். பையனைத் தலைவனாகவும் பெண்ணைத் துணைத் தலைவியாகவும் வைக்கும் வழக்கம் பல இருபாலர் பள்ளிகளில் உண்டு என்பது கல்லூரித் தோழிகள் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. பாவாடையில் கறை பட்டுவிட்டால் யாராவது ஒருத்தி சொல்லாமலேயே பின்னால் ஒட்டி நடந்து வருவாள். அதை ஓர் உதவியாகக்கூட யாரும் நினைத்ததில்லை. இப்போது நான் மின்பொறியாளர். ஏணியில் ஏறும்போது கீழே நிற்பவர்கள் ஏன் வியந்து பார்க்கிறார்கள் என்பதே வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு விளங்கவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. இருபாலர் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் பருவத்தில், ஆய்வகத்தில் நான்கு பேர் கொண்ட குழுவில் இணைப்புக் கொடுக்கும் வேலையைப் பையன்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் மறுபேச்சில்லாமல் ரெக்கார்டு நோட்டை எடுத்து அளவீடுகளை எழுத உட்கார்ந்துவிட்டேன். ஏழாண்டுகள் எல்லா வேலையையும் செய்து பழகிய கை, கேட்பதற்கு முன்பே விட்டுக்கொடுத்துவிட்டது. நானே செய்கிறேன் என்று சொல்லும் துணிவு வர ஓராண்டு பிடித்தது. போட்டிக்கு வருபவனே இல்லாத இடத்தில் திறமை வளர்ந்ததே தவிர, இன்னொருவன் கை நீட்டும்போது என் பங்கைக் கேட்டு வாங்கும் பழக்கம் வளரவில்லை. பள்ளி அதை வளர்க்க முயன்றதாகவும் சொல்ல முடியாது. தெருவைப் பார்த்த ஜன்னல்கள் சித்திரை வெயிலிலும் சாத்தியே இருந்தன. இரட்டைச் சடையின் ரிப்பன் மடிப்பைச் சோதிக்கச் செலவான காலை நேரத்தைக் கூட்டினால் ஒரு பாடத்தையே முடித்திருக்கலாம். உடற்கல்விப் பாடவேளையோ பெரும்பாலும் கணக்கு ஆசிரியைக்குப் போய்விடும்.

மதிப்பெண்ணுக்காக மட்டும் பெண்கள் பள்ளியைத் தேடுபவர்கள் சற்று நிதானிக்க வேண்டும். டிரினிடாட் டொபாகோ நாட்டில் மாணவர்கள் விதிப்படி பள்ளிகளுக்கு ஒதுக்கப்படும் முறையை வைத்துக் கிராபோ ஜாக்சன் என்ற பொருளியலாளர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, ஒருபாலர் பள்ளியால் பெரும்பாலானோருக்குத் தேர்ச்சியில் கூடுதல் பயன் இல்லை என்றும், அத்தகைய பள்ளியைத் தாங்களே பெரிதும் விரும்பிய மாணவியர் ஓரளவு பயன் பெறலாம் என்றும் கூறுகிறது. அதைவிட என்னை நிறுத்தியது மற்றொரு முடிவு: பெண்கள் பள்ளி மாணவியர் அங்கே அறிவியல் பாடங்களைக் குறைவாகவே எடுத்திருந்தார்கள். எங்கள் பள்ளியின் பதினோராம் வகுப்பு நினைவுக்கு வந்தது. மனையியலுக்கும் செவிலியத் தொழிற்பிரிவுக்கும் இடம் தாராளமாக இருக்க, கணிதப் பிரிவு ஒன்றே ஒன்று. இயற்பியல் ஆசிரியைப் பணியிடமோ ஓராண்டு முழுவதும் காலி.

ஆனால் இந்தப் பள்ளிகளை இன்றைய மதிப்பெண்ணை வைத்து மட்டும் எடைபோடுவதும் சரியாகாது. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முத்துலட்சுமி ரெட்டி, அதற்கு முன் புதுக்கோட்டையில் ஆண்கள் படித்த கல்லூரியில் இடம்பெற மன்னரின் அனுமதி வேண்டியிருந்தது. சென்னையில் பெண்களுக்கென ஒரு கல்லூரி வந்ததே 1914-இல்தான். பின்னாளில் ராணி மேரிக் கல்லூரி என்று பெயர் பெற்றது அதுவே. தனிப் பள்ளி இருந்தால் மட்டுமே மகளை அனுப்பும் குடும்பங்கள் எங்கள் தெருவில் என் காலத்திலும் இருந்தன. என்னோடு படித்த சிலருக்கு எதிரே இருந்தவை பெண்கள் பள்ளி, இல்லையென்றால் வீடு என்ற இரண்டு வழிகளே.

கடந்த மே மாதம் பள்ளியை நேரில் போய்ப் பார்த்தேன். கழிப்பறைகளில் தண்ணீர் வருகிறது. என் காலத்தில் அதை உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. கணினி அறிவியல் பிரிவு வந்திருக்கிறது. இயற்பியல் ஆய்வகத்தில் கருவிகள் கண்ணாடி அலமாரிக்குள் பளபளப்பாக இருந்தன. அது எனக்கு மகிழ்ச்சி தரவில்லை, கை பட்ட கருவி அப்படி இருக்காது. ஜன்னல்களுக்குக் கம்பிவலை அடித்துத் திறந்து வைத்திருக்கிறார்கள். தமிழ்வழியில் படித்தால் செலவும் குறைவு. அரசுப் பள்ளி மாணவியர் உயர்கல்விக்குச் சென்றால் மாதம் 1000 ரூபாய் தரும் வகையில் 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், 2024 முதல் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டிருக்கிறது.

ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை இந்தப் பள்ளியைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன் என்று அக்காளிடம் சொன்னேன். பதினோராம் வகுப்புக்கு முன் ஆய்வகத்தை யார் எத்தனை முறை பயன்படுத்துகிறார்கள் என்று மாணவியரிடமே கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். அக்காள் மகள் ஜூன் மாதம் சேர்கிறாள். இரட்டைச் சடை கட்டாயமா என்பது மட்டும்தான் இப்போதைக்கு அவளுடைய கேள்வி, கட்டாயம்தான்.