பிஎஃப் மெசேஜ் வருகிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள்

ஏஜென்சி மூலம் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், லோடிங் வேலைக்குப் போகிறவர்களும், அவர்கள் வீட்டில் இருப்பவர்களும் இதைப் படியுங்கள். சம்பளத்தில் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பிடித்துவிட்டு ஒரு பைசாகூடக் கட்டாமல் விடுவது பழைய திருட்டு, சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். குறைத்துக் கட்டுவதுதான் கண்ணில் படாத திருட்டு. மாதாமாதம் போனுக்கு மெசேஜ் வரும், பிஎஃப் பாஸ்புக்கில் பதிவு விழும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். அடிப்படைச் சம்பளமும் டிஏவும் (அகவிலைப்படி) சேர்த்து 14,000 ரூபாய். சம்பளச் சீட்டில் 12 சதவீதம், அதாவது 1,680 பிடித்தம். பாஸ்புக்கைத் திறந்தால் அந்த மாதத்துக்குத் தொழிலாளி பங்கு 720, முதலாளி பங்கு 220, முதலாளி பங்கிலிருந்தே பென்ஷனுக்கு 500 என்று இருக்கும். இந்த மூன்றையும் மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். பக்கத்திலேயே இருக்கும் சம்பளக் கட்டத்தில் 6,000 என்று போட்டிருப்பதை யாரும் பார்ப்பதில்லை. திருட்டு அங்கேதான் இருக்கிறது. உங்கள் சம்பளத்தில் பிடித்ததில் 960 ரூபாய் ஏஜென்சி பையில். அவர்கள் பங்காகக் கட்ட வேண்டிய அதே 12 சதவீதத்திலும் 960 மிச்சம். ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 23,040 ரூபாய். 100 பேர் வைத்திருக்கிற ஏஜென்சிக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இது எப்படிச் சாத்தியமாகிறது? பிஎஃப் அலுவலகத்துக்கு மாதாமாதம் ஆன்லைனில் அனுப்பும் கணக்கான ஈசிஆர் ஃபைலில் சம்பளத்தையும் வேலைக்கு வராத நாட்களையும் நிரப்புவது ஏஜென்சிதான். நீங்கள் 26 டியூட்டி பார்த்திருப்பீர்கள். பாதி மாதத்துக்கு மேல் வரவில்லை என்று அதில் போட்டுவிடுவார்கள். 6,000-க்கு 12 சதவீதம் 720, கணக்கு சரியாக வருகிறதே என்று கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளும்.

போனது 960 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். பிஎஃப்போடு சேர்ந்த இபிஎஸ் பென்ஷன், கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்து வருவது. 15 வருட சர்வீஸுக்கு 14,000 என்றால் மாதம் 3,000 ரூபாய். 6,000 என்றால் 1,286. வராததாகக் காட்டிய நாட்கள் சர்வீஸிலும் கழிந்தால் அதுவும் குறையும். வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு வரும் ஈடிஎல்ஐ இன்சூரன்ஸும், 7 லட்சம் உச்சவரம்புக்குள், இதே சம்பளத்தை 35-ஆல் பெருக்கித்தான் தொடங்குகிறது. அந்தப் பெருக்கலிலேயே 4,90,000 என்பது 2,10,000 ஆகிவிடும்.

புகார் கொடுக்குமுன் ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள்: சம்பள மாதம், சீட்டில் பிடித்தது, பாஸ்புக்கில் ஏறியது, வித்தியாசம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஏப்ரல் சம்பளத்துக்கான பணத்தை மே 15-க்குள் கட்ட வேண்டும். அது பாஸ்புக்கில் மே தவணை என்று பதிவாகும். இதைக் குழப்பி ஒரு மாதம் தள்ளி எழுதினால், "இவர் சொல்கிற மாதத்துக்குக் கட்டியாகிவிட்டது" என்று ஏஜென்சி அந்த ஓட்டை வழியாகவே தப்பித்துவிடும். சம்பளச் சீட்டே கொடுக்காத இடம் என்றால் பேங்க் ஸ்டேட்மென்ட், ஐடி கார்டு, வருகைப் பதிவேட்டின் போட்டோ, வாட்ஸ்அப்பில் சூப்பர்வைசர் போட்ட டியூட்டி சார்ட் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். குரூப்பிலிருந்து உங்களைத் தூக்குவதற்கு முன்பே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

புகார் போக வேண்டிய இடம் பிஎஃப் அலுவலகம். சென்னையில் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்துக்குப் போய் அலைகிறவர்கள் நிறைய. அது மாநிலத் தொழிலாளர் துறை. பிஎஃப் மத்திய அரசின் விஷயம், ராயப்பேட்டை அலுவலகம் போல உங்கள் ஏஜென்சியின் கணக்கு எங்கே இருக்கிறதோ அங்கே போக வேண்டும். ஆன்லைனில் பிஎஃப் புகார் தளமான ஈபிஎஃப்ஐஜிஎம்எஸ்-இல் யூஏஎன் (உங்கள் பிஎஃப் கணக்குக்கான நிரந்தர எண்) போட்டுப் பதியலாம். யூஏஎன் தரப்படவில்லை என்றால் 'மற்றவர்கள்' என்ற பிரிவில் பதியலாம். "கம்பெனி ஏமாற்றுகிறது" என்று ஒரு வரி எழுதினால், "நிறுவனம் பணம் கட்டியிருக்கிறது" என்ற ஒரு வரி பதிலோடு மூடிவிடுவார்கள். அந்த நான்கு பத்தித் தாளை இணைத்து, சம்பளம் குறைத்துக் காட்டப்பட்டிருக்கிறது, விசாரணை வேண்டும் என்று கேளுங்கள். நேரில் சொல்ல வேண்டுமானால் ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டங்களில் நடக்கும் 'நிதி ஆப்கே நிகட்' முகாமுக்குப் போகலாம்.

புகாரில் ஏஜென்சி பெயரை மட்டும் எழுதாதீர்கள். நீங்கள் காவல் காக்கும் ஆலை, ஆஸ்பத்திரி, அபார்ட்மென்ட் எதுவோ அதுதான் பிரின்சிபல் எம்ப்ளாயர், அதாவது முதன்மை முதலாளி. காண்ட்ராக்ட் ஆளுக்கும் பிஎஃப் கட்டும் பொறுப்பு சட்டப்படி முதலில் அவர்கள் தலையில்தான். ஏஜென்சியின் பில்லும் டெபாசிட்டும் அவர்கள் கையில் இருக்கிறது. அதை நிறுத்தி வைத்தால் பழைய பாக்கியைக் கட்ட ஏஜென்சிக்கு நெருக்கடி வரும். ஆனால் காண்ட்ராக்ட் ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் இந்தப் பிடி. வேலையை விட்டபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்கள் பெரும்பாலும் தோற்கிறார்கள். அதற்குள் ஏஜென்சி வேறு பெயரில், வேறு பிஎஃப் கோடில் (நிறுவனப் பதிவு எண்ணில்) கடை விரித்திருக்கும். பெயர் வெளியே வந்தால் டியூட்டி போய்விடும் என்ற பயம் நியாயமானதே. பத்துப் பேராகச் சேர்ந்து கொடுங்கள், ஒருவரை மட்டும் குறிவைப்பது கஷ்டம்.

விசாரணை வந்ததும் ஏஜென்சி ஒன்று செய்யும்: பழைய பாக்கியை உங்கள் இந்த மாதச் சம்பளத்தில் பிடிக்கப் பார்க்கும். அந்தந்த மாதத்தின் பிடித்தத்தை அந்தந்த மாதச் சம்பளத்தில்தான் பிடிக்கலாம். முதலாளி பங்கை உங்கள் கூலியில் கழிப்பதும் கூடாது. செட்டில்மென்ட் நாளில் "பாக்கி ஏதும் இல்லை" என்று அச்சடித்த வவுச்சரை நீட்டுவார்கள். வாங்கிய தொகையையும் தேதியையும் உங்கள் கையாலேயே எழுதி, "பிஎஃப் வித்தியாசம் நிலுவையில் உள்ளது" என்று ஒரு வரி சேர்த்தபிறகு கையெழுத்துப் போடுங்கள்.