இரண்டு எஸ்எஸ்டி, ஐந்து ஆண்டுகள்: கல்யாணப் பதிவுகளை ரெய்டில் வைத்திருந்த அனுபவம்

2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் மண்டபங்கள் பூட்டிக் கிடந்தன. பினாங்கில் என்னைப் போன்ற வீடியோ ஒளிப்பதிவாளர்களுக்கு வேலை இல்லை, நேரம் நிறைய இருந்தது. அப்போதுதான் ஜெலுத்தோங் வீட்டின் பின்னறையில் படத்தொகுப்புக்கென்று ஒரு மேசைக் கணினியை உருவாக்கினேன். விண்டோஸுக்கு என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் பதியும் வட்டு) சிறியது ஒன்று, படக்கோப்புகளுக்குச் சாட்டா என்ற சாதாரண இணைப்பு வகையில் 1 டெராபைட் எஸ்எஸ்டி இரண்டு. அந்த இரண்டையும் மதர்போர்டிலேயே இருந்த இன்டெல் ரெய்ட் வசதியை (பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் முறை) கொண்டு ரெய்ட் 0 ஆகப் பிணைத்தேன்.

ரெய்ட் 0 ஒரு கோப்பைத் துண்டு துண்டாக நறுக்கி இரண்டு வட்டுகளிலும் மாறி மாறி எழுதும். சாட்டா எஸ்எஸ்டி தனியாக நொடிக்கு 550 மெகாபைட் அளவுக்குத்தான் படிக்கும். அதற்கு மேல் சாட்டா இணைப்பே வழிவிடாது. இரண்டையும் பிணைத்ததும் சோதனை மென்பொருள் 1,050 என்று காட்டியது. இனி வேலை பறக்கும் என்று மனதார நம்பினேன்.

பறக்கவில்லை. கேமராவிலிருந்து எடுக்கும் மெமரி கார்டு யுஎச்எஸ்-2 வகை. அந்தத் தரத்தின் உச்சமே நொடிக்கு 312 மெகாபைட், என் கார்டு 250ஐத் தாண்டியதில்லை. கார்டு கொடுக்கிற வேகத்தில்தானே வட்டு எழுத முடியும்? தொகுக்கும்போதும் இதே கதைதான். என் கேமராக்கள் 4கே படத்தை நொடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிகின்றன. அது 12.5 மெகாபைட். முகூர்த்த நேரத்து மூன்று கேமராக் காட்சிகளையும் ஒன்றாக ஓடவிட்டால்கூட 37.5 மெகாபைட்தான் தேவை. ஒற்றை எஸ்எஸ்டியே அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் தரும். முடித்த படத்தை வெளியே எடுக்கும் நேரம் பிராசஸரையும் கிராபிக்ஸ் கார்டையும் பொறுத்தது, அதில் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. கணினி தொடங்கும் நேரமோ ரெய்ட் திரை வந்து போவதால் சில நொடிகள் கூடியது. பெரிய கோப்புகளை என்விஎம்இயிலிருந்து இதற்கு மாற்றும்போது மட்டும் வித்தியாசம் தெரிந்தது. அந்த வேலை எனக்கு மாதம் ஒருமுறைதான் வரும்.

முதல் பயம் 2021இல் வந்தது. மதர்போர்டின் பயாஸை, அதாவது கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளை, புதுப்பித்தேன், அது எல்லா அமைப்புகளையும் பழைய நிலைக்குக் கொண்டுபோனது. ரெய்ட் என்றிருந்த இடம், வட்டுகளைத் தனித்தனியாகக் காட்டும் ஏஎச்சிஐ என்று மாறிவிட்டது. விண்டோஸ் திறந்தபோது ஒரு வட்டு குழம்பிய பகுதியாகவும் மற்றது வெற்று வட்டாகவும் தெரிந்தன. வெற்று வட்டைத் துவக்கட்டுமா என்று கேட்டபடி ஒரு பெட்டியும் வந்தது. அதில் 'சரி' என்று அழுத்தாமல் விட்டதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். ரெய்டின் விவரம் வட்டுகளிலேயே எழுதப்பட்டிருக்கும், இன்டெல் முறையில் அது வட்டின் கடைசிப் பகுதியில் இருக்கும். பயாஸில் மீண்டும் ரெய்ட் என்று மாற்றியதும் எல்லாக் கோப்புகளும் வந்தன. இதே நிலையில் யாராவது தவித்தால், எதையும் எழுத அனுமதிக்காமல் முதலில் பயாஸைப் பாருங்கள்.

2022 அக்டோபரில் நடந்தது வேறு. காலையில் கணினியைத் தொடங்கினேன், இரண்டில் ஒரு எஸ்எஸ்டி இருந்த இடமே தெரியவில்லை. முந்தைய வாரம் பார்த்தபோது அதன் ஆரோக்கியம் 96 விழுக்காடு. வன்தட்டு சாகப்போகிறது என்றால் பல நேரம் கடகடவென்று சத்தம் போடும், மெதுவாகும், நமக்குச் சற்று அவகாசம் தரும். எஸ்எஸ்டியின் கட்டுப்பாட்டுச் சில்லு போனால் ஒரு சொல்லும் இல்லை. மீதமிருந்த வட்டு நல்ல நிலையில் இருந்தும் பயனில்லை, அதில் இருந்தவை பாதிப் பாதித் துண்டுகள். ஒரு கல்யாணத்தின் கார்டுகளை இன்னும் அழிக்காமல் வைத்திருந்ததால் அது பிழைத்தது. ஒரு நிச்சயதார்த்தத்தின் முழுப் பதிவும் போயிற்று. பெண்ணின் பாட்டி தட்டை மாற்றிக் கொடுத்த காட்சி அதில் இருந்தது. அந்த வீட்டுக்கு நேரில் போய்ச் சொன்னேன், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். உத்தரவாதத்தில் புது எஸ்எஸ்டி மூன்று வாரத்தில் வந்தது.

ரெய்ட் என்ற கருத்தை 1988இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் ஆய்வுக் கட்டுரையாக எழுதியபோது அதில் ஒன்று முதல் ஐந்து வரை நிலைகள்தாம் இருந்தன. சுழியம் பிற்பாடு ஒட்டிக்கொண்ட பெயர். ஒரு வட்டு போனாலும் தரவு நிற்க வேண்டும் என்பது அந்த ஐந்து நிலைகளுக்கும் பொது. சுழியத்தில் அது அறவே இல்லை. இதை நான் முதலிலேயே படித்திருக்க வேண்டும்.

பிறகு 2 டெராபைட் எஸ்எஸ்டி இரண்டு வாங்கினேன், இம்முறை வெவ்வேறு நிறுவனத் தயாரிப்புகளாக. ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து வந்த இரட்டையர்கள் ஒரே குறையோடு ஒரே காலத்தில் விழக்கூடும் என்பது என் கணிப்பு. மதர்போர்டு ரெய்டையும் விட்டுவிட்டு விண்டோஸின் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் மூலம், ஒரே கோப்பை இரண்டு வட்டிலும் முழுதாக எழுதும் கண்ணாடிப் பிரதியாக அமைத்தேன். நாளை மதர்போர்டு எரிந்தாலும் இரண்டு வட்டுகளையும் வேறொரு விண்டோஸ் கணினியில் செருகிப் படிக்கலாம். 4 டெராபைட்டுக்குக் காசு கொடுத்து 2 டெராபைட்டைத்தான் பயன்படுத்துகிறோம் என்ற வருத்தம் முதல் மாதத்தோடு போய்விட்டது. எழுதும் வேகம் 500க்குக் கீழே இறங்கியது, அதை வேலையில் நான் உணர்ந்ததே இல்லை.

ஆனால் 2024 தைப்பூசத்துக்கு நான்கு நாள் கழித்து இன்னொன்று கற்றேன். வெள்ளி ரதம் வரும் வழியெங்கும் தேங்காய் உடைபடுவதை மெதுவோட்டக் காட்சிகளாக எடுத்திருந்தேன். தண்ணீர்மலையில் காவடிகள் படியேறும் காட்சிகளும் இருந்தன. உதவிக்கு வரும் தம்பி இடம் காலி செய்யும்போது அந்தக் கோப்புறையையும் சேர்த்து, குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாதபடி அழித்துவிட்டார். கண்ணாடி என்றால் கண்ணாடிதான்: இரண்டு வட்டிலும் அதே நொடியில் அழிந்தது. மீட்பு மென்பொருளை ஓட்டினேன். பெயர்கள் வந்தன, கோப்புகளின் உள்ளே வெறும் சுழியங்கள்.

அக்கா மகன் பாயான் லெப்பாஸில் ஒரு சில்லுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். 1972இல் இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைத் திறந்த ஊர் அது. அவனைக் கேட்டேன். "மாமா, வன்தட்டில் அழித்தது புதிதாக எழுதும்வரை அப்படியே கிடக்கும். எஸ்எஸ்டியில் டிரிம் என்று ஒரு கட்டளை உண்டு. அழித்தவுடனே இந்த இடம் வேண்டாம் என்று விண்டோஸ் சொல்லிவிடும், வட்டு தன் பாட்டுக்குத் துடைத்துவிடும். வேகம் குறையாமல் இருக்க அது வேண்டும். ஆனால் இனித் தேடாதீர்கள்" என்றான். ஒரு கேமராவின் கார்டு கைக்கு எட்டியது, மற்ற இரண்டின் காட்சிகள் போனவை போனவைதான்.

எழுத எழுத எஸ்எஸ்டி தேயுமே என்று பலரும் கேட்கிறார்கள். என் வட்டுகள் ஒவ்வொன்றிலும் இதுவரை 70 டெராபைட்டுக்குச் சற்று மேல் எழுதியிருக்கிறேன், உத்தரவாதம் அதைப்போலப் பல மடங்கு. அது கவலையே இல்லை. குளிரூட்டி இல்லாத அறையில் பிற்பகலில் வட்டுகளின் சூடு 48 பாகை வரை போகிறது, தொல்லை ஏதும் தரவில்லை. இடிமழை நாள்களில் மின்சாரம் நொடிப்பொழுது போய் வருவதுதான் எழுதிக்கொண்டிருக்கும் வட்டுகளுக்கு ஆபத்து. மின்சாரம் போனால் சற்று நேரம் தாங்கும் மின்கலப் பெட்டியான யுபிஎஸ் இல்லாமல் யாரும் ரெய்ட் அமைக்க வேண்டாம், நான் வாங்கியது 300 மலேசிய வெள்ளிக்குள் முடிந்தது.

இப்போது படப்பிடிப்பு முடிந்த இரவே கோப்புகள் கண்ணாடி வட்டுக்கும் தனியாக ஒரு வெளிவன்தட்டுக்கும் போகின்றன. மூன்றாவது பிரதி பட்டர்வொர்த்தில் அக்கா வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அக்கரைக்கு ஃபெரிப் படகில் ஏறும்போது புதியதைத் துணிப்பையில் எடுத்துப் போகிறேன், வரும்போது பழையதைக் கொண்டு வருகிறேன். அந்த மூன்று பிரதிகளையும் சரிபார்த்த பிறகுதான் கார்டுகளை அழிக்கிறேன்.