14,500 ரூபாவுக்கு வேலிக்கள்ளி விற்கிறார்கள்: மட்டக்களப்பு, அம்பாறை ஆட்கள் கவனம்!

14,500 ரூபா. கூரியரில் வந்த ஒரு ஏமாற்றுக் கன்றுக்கு நான் கொடுத்த காசு. முதலில் இந்தத் தொகையை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன். நேற்று இரவு வரைக்கும் "சரி விடு, போனது போகட்டும்" என்று வீட்டில் சமாதானம் சொன்னார்கள். இன்று காலையில் பார்த்தால் எனக்குக் காட்டி விற்ற அதே வீடியோவை அதே பக்கத்தில் திரும்பவும் போட்டிருக்கிறார்கள், "மட்டக்களப்பு, அம்பாறைக்கு விசேட விலை" என்று. இனி விட ஏலாது.

வீட்டுக்குள் மரம் மாதிரி நின்று வளரும் கள்ளி வாங்க நினைக்கிற ஆட்கள் இதைக் கடைசி வரை வாசியுங்கள். எப்படிப் பார்த்து வாங்குவது, வாங்கி எப்படி வளர்ப்பது என்பதையும் முடிவில் விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் கல்லடியில் மேல்மாடி வீடொன்றில் வாடகைக்கு இருக்கிறோம். வளவு கிடையாது. ஹோலில் கிழக்குப் பார்த்த பெரிய யன்னல் ஒன்று மட்டும் இருக்கிறது. கச்சான் என்கிற சூடான காற்று அடிக்கிற மாதங்களில் மெல்லிய இலைக்கன்று எது வைத்தாலும் ஓரம் கருகிவிடும். அதனால்தான் கள்ளி வகையில் உயரமான ஒன்றைத் தேடினேன். தேடித் தேடிக் கண்ணில் பட்டது யூபோர்பியா ட்ரைகோனா. ஆப்பிரிக்கப் பால்மரம் என்று விற்பார்கள். மத்திய ஆப்பிரிக்காவின் கன்று. மூன்று பட்டையாகத் தண்டு எழும்பும், கிளைகள் பக்கத்துக்கு விரியாமல் தண்டை ஒட்டி நேரே மேலே போகும். பட்டையின் விளிம்பில் சின்ன முள், முள்ளுக்கு முள் நடுவில் விரல் நீளத்துக்கும் குறைவான இலை. பச்சைத் தண்டில் வெளிர் நிறத்தில் வரி ஓடியிருக்கும். இலையும் தண்டும் சிவந்து வருகிற ஓர் இனமும் உண்டு, அதற்கு விலை கூட. பலபேர் இதைக் கக்டஸ் என்பார்கள். இல்லை, இது ஆமணக்கு, மரவள்ளி, றப்பர் எல்லாம் சேர்ந்த குடும்பம். கிள்ளினால் பால் வடியும். சாடியில் வைத்தே ஆள் உயரத்துக்கு மேல் போகும். எனக்கு அந்தச் சிவப்புத்தான் பிடித்தது.

விற்றது யார் என்று பெயர் போடவில்லை. வக்கீலாக இருக்கிற ஒரு அண்ணன் இப்போதைக்குப் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். சமூக வலைத்தளத்தில் பூக்கன்று விற்கிற ஒரு பக்கம். கடை இல்லை, வீட்டு விலாசம் இல்லை, நாடு முழுக்க கூரியரில் அனுப்புவார்களாம். படம் எல்லாம் பளிச்சென்று இருக்கும். பின்தொடர்கிற ஆட்களும் கொள்ளை.

மெசேஜ் போட்டதும் ஒரு பிள்ளை கோல் எடுத்தாள். அவள் கதைத்த விதத்தைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். எடுத்தவுடன் விலை சொல்லவில்லை. "அக்கா, உங்கட யன்னல் எந்தப் பக்கம் பார்த்திரிக்கி? காலை வெயிலா பின்னேர வெயிலா?" என்று கேட்டாள். கிழக்கு என்றேன். "அப்ப நல்லம், சிவப்புக் கலர் மங்காது" என்றாள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கா, பூனை இருக்கா என்றுகூடக் கேட்டாள். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? விற்கிறவர்கள் யார் இந்த நாட்டில் நம்மிடம் இப்படியெல்லாம் கேட்கிறார்கள்? மறுகா எந்த ஊர் என்றாள். மட்டக்களப்பு என்று சொன்னதும் "ஐயோ, எங்கட அம்மாவும் களுவாஞ்சிக்குடிதான் அக்கா!" என்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குத்தான் காசு போட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

வீடியோவும் அனுப்பினாள். மூன்றடி உயரம், நாலைந்து கை, சிவந்த இலை, சாடியை மெதுவாகச் சுற்றிச் சுற்றிக் காட்டுகிறாள். "வேர் பிடிச்சு ரெண்டு வருசம் அக்கா, வெளிநாட்டால இறக்கினது." பொருள் வந்த பிறகு காசு தருகிறேன் என்றேன். "உயிருள்ள சாமானுக்கு அப்பிடிச் செய்யிறல்ல அக்கா, பாதி வழியில ஆக்கள் வேணாமெண்டா கன்று செத்திரும்" என்றாள். கேட்க நியாயமாகத்தானே இருக்கு? கன்று 12,500, மரப்பெட்டி கட்ட 2,000. மொத்தம் 14,500 ரூபா. வங்கியில் போட்டு ஸ்லிப்பை வட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே ஒரு பூப்படம் வந்தது.

சொன்ன கிழமையில் வரவில்லை. வந்தபோது மரப்பெட்டி இல்லை. காட்போட் பெட்டி, ஒரு பக்கம் நசுங்கி. உள்ளே கறுப்புப் பொலித்தீன் சுற்றி ஒரு கன்று. கை ஒன்று முறிந்து பால் வழிந்து பொலித்தீனில் காய்ந்து ஒட்டியிருந்தது. என் கணவர் அதை வெறுங்கையால் பிரித்தார். கொஞ்ச நேரத்தில் கண்ணைக் கசக்கியிருக்கிறார் போல, ஐந்து நிமிடத்தில் "எரியுது, எரியுது" என்று கத்தத் தொடங்கிவிட்டார். பைப்பைத் திறந்துவிட்டுக் கண்ணைக் கழுவிக்கொண்டே இருந்தோம். வீக்கம் இறங்கவில்லை. டொக்டர் பார்த்துவிட்டு கருவிழியின் மேல்தோல் புண்பட்டிருக்கு, நல்ல காலம் உடனே கழுவினீர்கள் என்றார். இந்தக் கள்ளிப் பாலால் கண் பார்வை மங்கிப் போன ஆட்களும் இருக்கிறார்களாம். பூனை இருக்கா என்று கேட்ட வாயால் "பால் பட்டால் கண்ணுக்கு ஆபத்து, கையுறை போடுங்க" என்று ஒரு வரி சொன்னாளா? பெட்டியில் ஒரு துண்டு ஒட்டியிருந்தார்களா? கண்ணைப் படம் எடுத்து அனுப்பினேன். வந்த பதில்: "அக்கா அது சும்மா பால்தானே, சரியாயிரும்."

இனிக் கன்றுக்கு வருகிறேன். இலை ஒன்றும் இல்லை. சிவப்பும் இல்லை. வெறும் பச்சைத் தண்டு. கேட்டேன். "பயணத்தில இலை கொட்டும் அக்கா, ஒரு மாசத்தில சிவந்து வரும்." இதில் பாதி உண்மை வேறு இருக்கிறது. ட்ரைகோனா இடம் மாறினால் இலையைக் கொட்டும்தான். உண்மையில் கொஞ்சம் கலந்து பொய் சொல்கிறவர்களோடு பேசி வெல்ல முடியாது. காத்திருந்தோம்.

அந்த நேரம் இவருடைய மாமா திருக்கோவிலில் இருந்து வந்தார். கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே யன்னல் பக்கம் பார்த்தவர், "இதென்ன புள்ள, சதுரக்கள்ளியக் கொண்டாந்து வீட்டுக்குள்ள வச்சிரிக்கிய?" என்று கேட்டார். நான் ஆப்பிரிக்கா, ட்ரைகோனா என்று விளக்கம் சொல்லப் போக, மனுசன் எழும்பிக் கிட்ட வந்து பார்த்தார். "பொத்துவில் தாண்டி பாணமைப் பக்கம் போய்ப் பாரு, பத்தைக்குள்ள ஆள் உயரத்துக்கு நிக்கிது. வேலிக்கு வெட்டி நடுற சாமான். எவ்வளவு குடுத்த?" எவ்வளவு என்று நான் சொல்லவில்லை. இவர்தான் சொன்னார். மாமா தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டார்.

அன்று இரவே உட்கார்ந்து படங்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். மாமா சொன்னது சரி. சதுரக்கள்ளி, அதாவது யூபோர்பியா அன்டிகோரம், இந்தியாவிலும் இலங்கையிலும் தானாக வளருவது. அதன் பட்டை அகலமாக, விளிம்பு நெளிநெளியாக இருக்கும். தண்டு இடைக்கிடை இடுங்கிக் கணுக்கணுவாகப் போகும். இலை மிகச் சின்னது, வந்த சுருக்கில் விழுந்துவிடும். ட்ரைகோனாவில் இடம் மாற்றாமல் வைத்திருந்தால் இலை அவ்வளவு இலேசில் போகாது, தண்டும் நேர்த்தியாக ஒரே அகலத்தில் போகும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் தனியாக ஒன்றைப் பெட்டிக்குள் அனுப்பினால் யாருக்குத் தெரியும்? அதுதான் அவர்களுடைய வியாபாரம்.

சரி, கள்ளியாவது மிஞ்சட்டும் என்று பார்த்தால் அடி மெதுமெதுவென்று பழுப்பாகிவிட்டது. தூக்கினேன். கையோடு வந்தது. ஒரு வேர் இல்லை, ஒன்றுகூட இல்லை! எங்கோ பற்றையில் வெட்டி, காயம் ஆறவிடாமல், ஈரத் தும்புத்தூளும் களியும் பிசைந்த மண்ணில் குத்தியிருக்கிறார்கள். அது ஆடாமல் நிற்க மேலே வெள்ளைக் கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள், சீமெந்துத் தளம் மாதிரி. ஈரம் வெளியே போக வழியே இல்லை. வந்த நாளே அது அழுகத் தொடங்கியிருக்கும். இரண்டு வருச வேராம்!

இதற்குப் பிறகு நடந்தவைதான் 14,500 ரூபாவை விட எரிச்சல். முதலில் "அக்கா நீங்க தண்ணி கூட ஊத்திட்டீங்க" என்றாள். நான் இன்னும் தண்ணியே ஊற்றவில்லை என்று சொன்னதும் "அப்ப தண்ணி காணாமப் போயிரிக்கும்" என்றாள். கூரியர்காரரிடம் கேளுங்கள் என்றாள். கூரியர்காரர், நாங்கள் பெட்டியைக் கொண்டுவருவோம், உள்ளே இருக்கிறதுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார். திரும்ப இவளிடம் வந்தால் "மனேஜர் கோல் எடுப்பார்." எடுக்கவில்லை. பெட்டி திறக்கும்போது எடுத்த வீடியோ இருக்கா, இல்லாட்டி ஒன்றும் செய்ய ஏலாது என்று ஒரு வொய்ஸ். அப்படி ஒரு விதி அவர்களுடைய பக்கத்தில் எங்கேயும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். சதுரக்கள்ளி என்று பெயரைச் சொல்லிப் படம் போட்டதும் குரலே மாறியது. "அப்ப நீங்க எங்களக் கள்ளன் எண்டா சொல்றீங்க?" மறுகா ஒரு நாள் கழித்து, அடுத்த ஓடருக்குப் பத்து வீதம் கழிவு தருகிறோம் என்று. அடுத்த ஓடராம்! எனக்குத் தேவை என்னுடைய 14,500 ரூபா என்று எழுதினேன். நீலச் சரி விழுந்தது. அதற்குப் பிறகு என்னை புளொக் பண்ணியாயிற்று.

வவுனியாவில் இருக்கிற தங்கச்சியின் போனில் இருந்து விசாரிக்கச் சொன்னேன். அதே பிள்ளை, அதே வீடியோ. "ரெண்டே ரெண்டுதான் மிச்சமிரிக்கி அக்கா." யன்னல் எந்தப் பக்கம் என்ற கேள்வியும் அப்படியே. தங்கச்சி வவுனியா என்று சொன்னாள். "ஐயோ, எங்கட அம்மாவும் வவுனியாதான்!"

எத்தனை அம்மா?

"முன்காசு போட்டது ஏன்" என்று என்னிடம் கேட்க வருகிறவர்கள் தயவுசெய்து வர வேண்டாம். கேள்வி அவளிடம் கேட்க வேண்டியது. வங்கியில் போய்ச் சொன்னேன். நானே விரும்பி அனுப்பிய காசைத் தங்களால் திருப்பி எடுக்க முடியாது என்றார்கள். பொலிஸில் முறைப்பாடு எழுதப் போகிறேன். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் எழுதுகிறேன். தொலைபேசி 1977. வாங்கிய நாளில் இருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், அதனால் மற்றவர்களும் தள்ளிப்போடாதீர்கள். ஸ்லிப், மெசேஜ், பெட்டியின் லேபல் எல்லாவற்றையும் புளொக் பண்ண முதல் படம் எடுத்து வையுங்கள். வொய்ஸ் மெசேஜையும் சேமித்து வையுங்கள், அழித்துவிடுவார்கள்.

வளர்ப்பு முறை விரிவாக எழுதுகிறேன் என்றேன். இவருக்குக் கண்மருந்து விடுகிற நேரம் வந்துவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன்.

இலை இருக்கிற கன்றை மட்டும் வாங்குங்கள், கண்ணால் பார்த்து. தண்டைப் பிடித்து மெதுவாக அசைத்தால் சாடியோடு சேர்ந்து அசைய வேண்டும். தண்டு தனியாக ஆடினால் வேர் இல்லை. மேலே கல் ஒட்டியிருந்தால் தொடவே தொடாதீர்கள். வெளிநாட்டால் வந்தது என்றால் தாவரத் தடுப்புக்காப்புக் கடதாசியை (நோய், பூச்சி இல்லை என்று சோதித்துக் கொடுப்பது) கேளுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கதையை நம்ப வேண்டாம். வங்கிக் கணக்கு கடைப் பெயரில் இல்லாமல் யாரோ ஓர் ஆளின் பெயரில் இருந்தால் நிறுத்துங்கள்.

மண்சாடி, அடியில் ஓட்டை. பருமணல், செங்கல் நொறுக்கு, உமிக்கரி கலந்தால் தண்ணி நிற்காது. மண் முழுக்கக் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணி. மாரியில் காற்றே ஈரமாக இருக்கும், அப்போது கிட்டத்தட்ட ஒன்றும் வேண்டாம். வெளிச்சமான யன்னல் ஓரம், உச்சி வெயிலுக்கு ஒரேயடியாகத் தூக்கி வைக்காதீர்கள், தண்டு வெந்துபோகும். அடி அழுகினால் உள்ளே வெள்ளையாக நல்ல சதை தெரியும் வரைக்கும் மேலே வெட்டி, பாலைத் தண்ணியால் கழுவி, நிழலில் ஒரு கிழமைக்கு மேல் காயப்போட்டுத்தான் நட வேண்டும். கையுறை இல்லாமல் வெட்டவே கூடாது. கண்ணில் பட்டால் ஓடுகிற தண்ணியில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு நேரே டொக்டரிடம் போங்கள்.

மிச்சம் இன்னொரு நாள். உங்களில் யாருக்காவது "எங்கட அம்மாவும் உங்கட ஊர்தான்" என்று கோல் வந்திருந்தால், காசும் போட்டிருந்தால், உட்பெட்டியில் ஸ்லிப்பின் படத்தை அனுப்புங்கள். தனித்தனியாகப் போகாமல் சேர்ந்தே முறைப்பாடு கொடுப்போம்.