சோடி இன்வேட்டர் வாங்க முதல்: 5 கிலோவோட் பரலல் செற் பற்றிய மதிப்பீடு

சுவரில் பொருத்தும் 5 கிலோவோட், 48 வோல்ட் ஓஃப்-கிரிட் இன்வேட்டர் (சோலாரையும் பற்றரியையும் வீட்டு ஏசி கரண்டாக மாற்றும் பெட்டி) இரண்டு, இரண்டும் சேர்ந்து ஒரே சுமையைத் தாங்க ஒவ்வொன்றுக்கும் ஒரு பரலல் கார்ட், இடையில் ஓடும் தொடர்பு வயர்கள். செற் என்று கடையில் தருவது இவ்வளவுதான். பெட்டியின் நிறமும் ஸ்டிக்கரும் கடைக்குக் கடை மாறும். உள்ளே இருப்பது பெரும்பாலும் தாய்வானின் வோல்ட்ரோனிக் பவர் வடிவமைத்த ஆக்ஸ்பேர்ட் வகை, அல்லது அதைப் பார்த்துச் செய்தது. அதனால் கீழே சொல்லும் செற்றிங் எண்களும் கோளாறு எண்களும் அநேகமான பெட்டிகளுக்குப் பொருந்தும். உங்கள் கையேட்டோடு ஒருதரம் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கிணற்று மோட்டர், பிரிட்ஜ், அயன், கேத்தல் எல்லாம் சோலாரிலேயே ஓட வேண்டிய வீட்டுக்கு இது நல்ல சாமான். ஒன்று பழுதானாலும் மற்றது பிரிட்ஜையும் லைட்டையும் தாங்கும். மட்டக்களப்பின் படுவான்கரையிலோ பொத்துவிலுக்கு அப்பாலோ, திருத்துபவர் வந்து சேர இரண்டு மூன்று நாள் எடுக்கும் வீட்டுக்கு ஒற்றை 10 கிலோவோட் பெட்டியைவிட இந்தச் சோடியே பாதுகாப்பு. ஆனால் லைட்டும் காற்றாடியும் டிவியும் மட்டும் உள்ள வீடென்றால் வாங்காதீர்கள். ஒரு வேலையும் செய்யாமல் சும்மா நிற்கும்போதே ஒவ்வொன்றும் 50 வோட் அளவில் உறிஞ்சும். இரண்டுக்கும் சேர்த்து 24 மணித்தியாலத்தில் 2.4 யூனிட். 51.2 வோல்ட், 100 அம்பியர் மணி லித்தியம் பற்றரி ஒன்றின் முழுக் கொள்ளளவே 5.12 யூனிட்தான். கிட்டத்தட்ட அதில் பாதி, பெட்டிகள் உயிரோடு நிற்பதற்கே போய்விடும்.

பரலல் செற்றில் வரும் முறைப்பாடுகளில் பெரும்பகுதி பெட்டிக்குள் பிறப்பதில்லை. பற்றரி வயரில், வயர் நுனியில் நசுக்கிப் பொருத்தும் லக்கில், பிரேக்கரை மேலே தள்ளும் ஒழுங்கில் பிறக்கிறது. கையேடு இதைச் சொல்கிறது, ஆனால் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. இந்தச் சாமானின் பெரிய குறையே அந்தக் கையேடுதான்.

பற்றரி வயரிலிருந்து தொடங்குவோம். ஒரு பெட்டி முழுச் சுமையில் பற்றரியிலிருந்து 110 அம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கு 35 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர், ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி டிசி பிரேக்கர். வீட்டு போட்டில் போடும் ஏசி பிரேக்கரை இங்கே போடவே கூடாது. பிரேக்கர் திறக்கும்போது எழும் டிசி மின்பொறியை அதனால் அணைக்க முடியாது, உள்ளே உருகி ஒட்டிக்கொள்ளும். இரண்டு பெட்டிக்கும் போகும் வயர்கள் ஒரே நீளம், ஒரே ரகம். கிட்டக் கிடக்கும் பெட்டிக்கு ஒரு மீற்றர், தூரத்துக்கு இரண்டு மீற்றர் என்று வெட்டினால் பிறகு தலைவலி. மிச்சம் வந்த நீளத்தை வளைத்துக் கட்டிவிடுங்கள், வெட்டாதீர்கள்.

இனி திரையில் வரும் கோளாறு எண்கள். முதலில் 83. இரண்டு பெட்டிகளும் பார்க்கும் பற்றரி வோல்ட் வேறுவேறாக இருக்கிறது என்று அர்த்தம். உடனே ‘இன்வேட்டர் பழுது’ என்று கழற்றிக் கடைக்குக் கொண்டு போகிறார்கள். கொண்டு போக முதல் இதைச் செய்யுங்கள். சுமை எல்லாவற்றையும் நிறுத்துங்கள், சோலார் பிரேக்கரையும் ஏசி உள்ளீட்டையும் இறக்குங்கள். இரண்டு திரையிலும் பற்றரி வோல்ட்டைப் பாருங்கள். சும்மா நிற்கும்போதே ஒன்றில் ஒரு அளவும் மற்றதில் வேறு அளவும் காட்டினால், இரண்டும் ஒரே பற்றரித் தொகுதியில்தான் மாட்டியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ஒரே அளவு காட்டினால் குற்றம் வயர்ப் பாதையில். அதைப் பிடிக்கும் முறை இலகு: 2,000 வோட் கேத்தலைப் போடுங்கள். மல்டிமீற்றரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பற்றரியின் பிளஸ் முனையிலும் மறு முனையை இன்வேட்டரின் பிளஸ் போல்ட்டிலும் தொடுங்கள். அந்தப் பாதையில் விழும் வோல்ட்டை மீற்றர் நேரே சொல்லும். மைனசுக்கும் அப்படியே, மற்றப் பெட்டிக்கும் அப்படியே. மொத்தம் நான்கு அளவு.

இந்தச் சுமையில் ஒரு பெட்டி இழுப்பது 22 அம்பியர் அளவு. ஒன்றரை மீற்றர் வயரில் 20 மில்லிவோல்ட் அளவில் விழுவது இயல்பு. பிளஸ் பக்கம் பிரேக்கர் இருப்பதால் கொஞ்சம் கூடும். ஒரு பாதையில் மட்டும் 100 மில்லிவோல்ட் காட்டினால் எங்கோ 4, 5 மில்லி ஓம் தடை ஒளிந்திருக்கிறது. சிறிதாகத்தான் தெரியும். ஆனால் 100 அம்பியர் ஓடும் நேரம் அது அரை வோல்ட், அந்த ஒரே இடத்தில் 50 வோட் சூடு. மீற்றர் முனையை லக்கிலிருந்து போல்ட்டுக்கு, போல்ட்டிலிருந்து பிரேக்கருக்கு என்று அடி அடியாக நகர்த்துங்கள். பத்தில் ஒன்பது தடவை சுத்தியலால் அடித்து நசுக்கிய லக்கில் போய் நிற்கும். ஒரு மீற்றர் நீள வித்தியாசம் செய்யும் கெடுதியைவிட ஒரு கெட்ட லக் செய்யும் கெடுதி பல மடங்கு. ஹைட்ரோலிக் கிரிம்பரால் நசுக்கிய, வெள்ளீயம் பூசிய லக்கைத்தான் கேளுங்கள்.

கல்லடி, காத்தான்குடி, திருக்கோவில் போன்ற கடலோர இடங்களில் இது இன்னும் முக்கியம். உப்புக் காற்று பட்ட வெறும் செப்பு லக் கொஞ்ச மாதத்திலேயே பச்சை பிடிக்கும். போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கும், கையால் ஆட்டினால் அசையாது. உள்ளே மட்டும் தடை ஏறிக்கொண்டே போகும். மாரி தொடங்க முதல் ஒருதரமும் முடிந்த பிறகு ஒருதரமும் அந்த நான்கு அளவையும் எடுத்து, பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் எழுதி வையுங்கள்.

தொடர்பு வயர்களுக்கு வருவோம். இதில் இரண்டு சாதி உண்டு: பெட்டிகள் பேசிக்கொள்ளும் வயர், சுமையைப் பங்கு போடும் மெல்லிய வயர். 80, 81, 82 வந்தால் பேசும் வயரைப் பாருங்கள். 72 வந்தால் பங்கு வயர். இரு பக்கமும் சிறு திருகுள்ள பிளக்குகளை விரலால் இறுக்கிவிட்டு விடுகிறார்கள். காற்றாடி அதிர்வில் மெல்லத் தளரும். எல்லாவற்றையும் நிறுத்தி, திரை முழுதும் அணைந்த பிறகு கழற்றி மாட்டி, சிறிய ஸ்க்ரூ டிரைவரால் இறுக்குங்கள். பிறகும் வந்தால் அதே சாதி வயர் இரண்டையும் ஒன்றின் இடத்தில் மற்றதாக மாற்றிப் போடுங்கள். கோளாறு வயரோடு சேர்ந்து இடம் மாறினால் வயர் பழுது. பெட்டியோடு நின்றால் பரலல் கார்டைச் சந்தேகிக்கலாம்.

85 என்றால் வெளியே போகும் கரண்ட் சமமாக இல்லை. திரையை மட்டும் நம்பாமல் கிளாம்ப் மீற்றரைப் போட்டுப் பாருங்கள். 2,000 வோட் கேத்தலுக்கு மொத்தம் 8.7 அம்பியர் போகும். ஒவ்வொரு பெட்டியின் லயின் வயரிலும் 4.3 அளவு வர வேண்டும். ஒன்றில் 6, மற்றதில் 2 என்று வந்தால் ஏசி வயர்களின் நீளத்தையும் தடிப்பையும் ஒப்பிடுங்கள். ஏசி பக்கத்துக்கும் சம நீளச் சட்டம் உண்டு. 60ஆம் எண், வெளியே போக வேண்டிய கரண்ட் உள்ளே திரும்பி வருகிறது என்ற எச்சரிக்கை. ஒரு பெட்டியில் லயினும் நியூட்ரலும் மாறிக் கிடந்தால் வரும். மின்சார சபை லயின் எங்கோ வெளியீட்டுப் பக்கம் கலந்திருக்கிறதா என்றும் அதே நேரம் பாருங்கள். சபை லயினையும் இன்வேட்டரையும் பிரித்து மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாத வீட்டில் அது பெட்டியையும் கெடுக்கும், தூணில் ஏறி நிற்கும் ஊழியரின் உயிருக்கும் ஆபத்து.

86 வெறும் செற்றிங் பிழை. செற்றிங் பட்டியலின் 28ஆம் இலக்கத்தில் இரண்டு பெட்டியும் பீஏஎல் என்று இருக்க வேண்டும். பெட்டியின் சுவிட்ச் ஓஃபில் இருந்தால்தான் இதை மாற்ற விடும். சுவிட்சை ஓஃப் செய்தால் திரையும் அணைகிறதே என்று பலர் இங்கே தடுமாறுவார்கள். சோலாரையோ ஏசி உள்ளீட்டையோ கொடுத்து வைத்தால் சுவிட்ச் ஓஃபிலும் திரை எரியும், அப்போது மாற்றுங்கள். இரண்டையும் ஒன் செய்தபின் ஒன்றில் எச்எஸ், மற்றதில் எஸ்எல் என்று வரும். யார் தலைவர் என்பதைப் பெட்டிகளே தீர்மானிக்கும், இன்று ஒன்று நாளை மற்றது. அதில் பயப்பட ஒன்றுமில்லை. பிறகு ஏசி உள்ளீட்டுப் பிரேக்கர்கள் இரண்டையும் ஒன்றாக மேலே தள்ளுங்கள். தனித்தனியாக, நேரம் விட்டுத் தள்ளினால் 84 வரலாம். கோளாறு இல்லை என்று கண்ட பிறகே வீட்டுச் சுமை. ஜெனரேற்றர் போடுபவர்கள் 3ஆம் இலக்கத்தை ஏபிஎல்லுக்கு மாற்றுங்கள். உள்ளீட்டு வோல்ட் ஏறி இறங்கினாலும் 90 முதல் 280 வரை ஏற்றுக்கொள்ளும்.

எண் எதுவும் காட்டாமல் இரண்டும் சேர்ந்து பொத்தென்று அணைவது வேறு கதை. மோட்டர் ஸ்டார்ட் ஆகும் நேரம் பார்த்து அப்படி நடந்தால், இன்வேட்டரை விட்டுப் பற்றரியைப் பாருங்கள். 100 அம்பியர் பிஎம்எஸ் (பற்றரியைக் காக்கும் உள் சர்க்யூட்) உள்ள ஒற்றை லித்தியம் பற்றரியில் இந்தச் சோடியை மாட்டுவது கூடாது. முழுச் சுமையில் இரண்டும் சேர்ந்து 200 அம்பியருக்கு மேல் கேட்கும், பிஎம்எஸ் தன்னைக் காக்கக் கதவை மூடும். குறைந்தது இரண்டு பற்றரி, மோட்டர் உள்ள வீட்டுக்கு மூன்று. சேர்க்கும்போது பிளஸை ஒரு ஓரப் பற்றரியிலிருந்தும் மைனசை மறு ஓரத்திலிருந்தும் எடுங்கள், அல்லது பஸ்பார் (எல்லா வயரையும் சேர்க்கும் உலோகப் பட்டை) போடுங்கள். 2ஆம் இலக்கத்தில் வைக்கும் சார்ஜ் அளவு ஒரு பெட்டிக்கு உரியது: 50 என்று வைத்தால் பற்றரிக்குப் போவது 100. மின்சார சபை லயினில் சார்ஜ் பண்ணும் 11ஆம் இலக்கமும் அப்படித்தான். இரண்டிலும் 30 வைத்தால் அதற்கு மட்டும் லயினிலிருந்து 15 அம்பியர் அளவில் போகும். 30 அம்பியர் சேவை உள்ள வீட்டில் அயன், கேத்தல், மோட்டர் எல்லாம் சேர்ந்தால் மெயின் விழலாம்.

ட்ரிப் சுவிட்சை ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாகப் போடாதீர்கள். ஒரு பெட்டி வழியாகப் போன கரண்டில் கொஞ்சம் மற்றப் பெட்டியின் நியூட்ரலால் திரும்பும், காரணமே இல்லாமல் ட்ரிப் ஆகிக்கொண்டிருக்கும். இரண்டு வெளியீடும் சேர்ந்த இடத்துக்குப் பிறகு ஒன்று போதும். சோலார் பனல்களோ நேர்மாறு: ஒவ்வொரு பெட்டிக்கும் தனித் தொடர். ஒரே தொடரை இரண்டு பெட்டிக்கும் பிரித்துக் கொடுக்கவே கூடாது.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் தூசி அடைத்து, சூட்டால் சுமை குறையும். தூசி வடியை மாதம் ஒருதரம் கழற்றித் தட்டுங்கள், பெட்டிகளுக்கிடையில் ஒரு சாண் இடம் விடுங்கள்.

கடையில் நிற்கும்போது கேட்க வேண்டியவை இவை. இரண்டையும் ஒரே நாளில், ஒரே மொடலாக வாங்குங்கள். ஒன்றை இன்று வாங்கி மற்றதை அடுத்த வருடம் வாங்கினால் மென்பொருள் வேறாகி 71 காட்டும். 4,000 வோட் தரும் பழைய 5 கேவிஏயும் 5,000 வோட் தரும் புதியதும் சோடி சேராது. இரண்டையும் கடையிலேயே போட்டு, அம்புக்குறிப் பொத்தானை அழுத்திக்கொண்டே போய் யூ1 என்ற இடத்தில் வரும் எண் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். உத்தரவாத அட்டையில் ‘பரலல் கார்ட் உட்பட’ என்று எழுதி வாங்குங்கள். பரலல் வயர்கள் பெட்டிக்குள் இருக்கின்றனவா என்று திறந்து எண்ணிய பிறகு காசைக் கொடுங்கள்.