காலடிப்பேட்டை கணக்கு டியூஷன்: மீன் கணக்கு பிரமாதம், ஜியாமெட்ரியில் கோட்டை விடுகிறார்கள்

காலடிப்பேட்டை மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில், 8 முதல் 10-ஆம் வகுப்பு வரை சமச்சீர் கணக்குக்கு மட்டும் நடக்கும் டியூஷன். ஒரு நாள் பாடம் நடத்துகிறார்கள், ஒரு நாள் மொட்டை மாடியில் அளக்க வைக்கிறார்கள், ஒரு நாள் சீட்டு விளையாட வைக்கிறார்கள், ஒரு நாள் தப்பாகப் போட்ட கணக்கைக் கொடுத்துத் தப்பைத் தேட விடுகிறார்கள்.

கட்டும் ஃபீஸுக்கு இந்தத் தப்பு தேடும் வகுப்பு ஒன்றே போதும். சதவீதத்துக்குக் காசிமேட்டு மீன். கிலோ 500 ரூபாய்க்கு வாங்கிய மீனை வெட்டிச் சுத்தம் செய்தால் 30 சதவீதம் கழிவு. சுத்தம் செய்த மீனை என்ன விலைக்கு விற்றால் போட்ட காசு வரும்? பிள்ளைகள் 30 சதவீதம் ஏற்றி 650 என்பார்கள். ஆனால் மிஞ்சியது 700 கிராம். அந்த விலைக்கு 455 ரூபாய்தான் வரும், 45 ரூபாய் நஷ்டம். 500-ஐ 0.7-ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 714. அதாவது ஏற்ற வேண்டியது 30 அல்ல, கிட்டத்தட்ட 43 சதவீதம். சூத்திரத்தை மனப்பாடம் செய்த பிள்ளைதான் இதில் முதலில் மாட்டும்.

மாடி வகுப்பு பாதிக் கிணறு. கோணமானி, ஸ்ட்ரா, நூல், நூலில் தொங்கவிட ஒரு இரும்பு நட்டு ஆகியவற்றை வைத்துக் கிளினோமீட்டர் (அண்ணாந்து பார்க்கும் கோணத்தை அளக்கும் கருவி) செய்து தண்ணீர் டேங்கின் உயரத்தை அளக்கிறார்கள். நூல் 60-இல் நின்றால் ஏற்றக்கோணம் 30, கிடைத்த உயரத்தோடு கண் மட்டத்தைக் கூட்ட வேண்டும் என்பதெல்லாம் சரியாகவே சொல்லித் தருகிறார்கள். ஆனால் நட்டு சின்னது. சாயங்காலக் கடல் காற்றில் நூல் நிற்பதே இல்லை. 10 மீட்டர் தள்ளி நின்று 45 டிகிரியில் 1 டிகிரி தப்பினால் உயரத்தில் 35 செ.மீ. மாறும், 60 டிகிரியில் 70 செ.மீ. கனமான நட்டு போட்டு, கோணம் 45-ஐ ஒட்டி வரும் இடத்தில் நிற்க வைத்தால் தீர்ந்தது.

சீட்டு விளையாட்டு வகுப்பு நேரம் போக்கத்தான்.

பெரிய குறை பத்தாவதுக்கு. பொதுத்தேர்வில் செய்முறை வடிவியலும் (ஜியாமெட்ரி) வரைபடமும் (கிராஃப்) சேர்ந்து 16 மார்க். காம்பஸும் ஸ்கேலும் கையில் பழகினால் அப்படியே கிடைக்கும் மார்க் அது. இங்கே அதற்குத் தனி வகுப்பே கிடையாது. எட்டு, ஒன்பதுக்குத் தாராளமாகச் சேர்க்கலாம். பத்தாவது பிள்ளை என்றால் வீட்டில் தினம் ஒரு படம் வரைய வைக்க ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.