வாளிக்கும் ஒரு நாற்காலி: விளம்பரப் படம் எடுத்துக் கொடுத்தவர்களைப் பற்றி

மாடி ஒழுகலை நிறுத்தும் பூச்சு விற்கிறேன். அதற்கு வீடியோ விளம்பரம் எடுத்துத் தந்த குழுவைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். படத்தில் ஒழுகும் கூரையே கிடையாது. சாப்பாட்டு மேஜையில் ஒரு பிளாஸ்டிக் வாளிக்கும் நாற்காலி போட்டிருக்கிறார்கள். குடும்பப் போட்டோவிலும் அதுதான் நடுநாயகம். பாட்டி அதற்குத் தலை துவட்டிவிடும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். வசனமே இல்லை, சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தாலும் புரியும். ஒழுகலோடு வாழப் பழகிவிட்ட வீட்டை இதைவிடப் பளிச்சென்று காட்ட முடியுமா!

குறை ஒன்றுதான்: முதலில் பூச்சின் பெயர் கடைசி நொடியில்தான் வந்தது. யூடியூபில் 5 நொடியிலேயே தாண்டிவிடுவார்களே! சொன்னதும் முகம் சுளிக்காமல் வாளியின் மேலேயே பெயரைப் பதித்துத் தந்தார்கள். சிரிப்பும் கெடவில்லை. திருத்தத்துக்குத் தனிக் கட்டணமும் கேட்கவில்லை.